பொன்னில் எழுதினால் நிற்குமா?

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வருகிறவர் கண்ணில் தங்கம் படாது. சயனைடு மேடு படும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கத்தை மூடியது வரை, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கோலார் தங்கவயலிலிருந்து வெளியே போயிருக்கிறது. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆள் இறங்கி வெட்டிய தங்கம் அது. அதில் ஒரு குந்துமணி அளவு இன்று யார் கழுத்தில், எந்த நாட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது என்று எவராலும் காட்ட முடியாது. ஆனால் பாறையை மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு வேண்டாம் என்று கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது. காற்றடித்தால் கொஞ்சம் பறக்கும், மழை பெய்தால் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். மதிப்புள்ளது ஊரை விட்டுப் போய்விட்டது, மதிப்பில்லாதது தங்கிவிட்டது. பழங்கால மக்கள் எதிலெல்லாம் எழுதினார்கள், அவற்றில் எது நம் கைக்கு வந்து சேர்ந்தது, ஏன் என்ற கேள்விக்கும் பெரும்பாலும் இந்த மேட்டைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டிய ஒரு செய்தியை எதில் எழுதலாம் என்று வேதியியல் படித்த ஒருவரைக் கேட்டால், தங்கத்தில் எழுது என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. தங்கம் துருப்பிடிக்காது, களிம்பேறாது. காற்றும் தண்ணீரும் உப்பும் சாதாரண அமிலங்களும் அதைத் தொடுவதில்லை. ராஜதிராவகமோ காற்றோடு சேர்ந்த சயனைடுக் கரைசலோ வந்தால்தான் கரையும். தகடாக அடிக்கலாம், கூரிய ஆணியால் கீறினால் எழுத்து தெளிவாக விழும். இரும்பு நூறு ஆண்டில் பொரிந்துவிடும். ஓலையைப் பூச்சி அரிக்கும். கல்கூடப் பொருக்கு விடும். அப்படியானால் தங்கம் விளைந்த நாட்டில் தங்க ஏடுகள் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? இங்கே தங்கம் இருப்பது வெள்ளைக்காரர் வந்த பிறகு தெரிந்த செய்தி இல்லை. 1802-ல் ஜான் வாரன் என்ற அதிகாரி இந்தப் பக்கம் வந்தபோதே ஊரிகம், மாரிக்குப்பம் ஊர்க்காரர்கள் மண்ணை அலசித் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பி. எல். ரைஸ் இந்த மாவட்டத்து எழுத்துகளைத் திரட்டி 1905-ல் எபிகிராபியா கர்நாடிகாவின் பத்தாம் தொகுதியாக வெளியிட்டபோது, அதில் நிரம்பிக் கிடந்தவை கல்வெட்டுகள். கன்னடத்தில், தமிழில், தெலுங்கில், சமஸ்கிருதத்தில், எல்லாம் கல்லில். கோலாரம்மா கோயில் சுவரில் சோழர் காலத் தமிழ் இன்றும் இருக்கிறது. குவளாலம் என்று ஊரையும் பிடாரியார் என்று அம்மனையும் அது சொல்கிறது. பொன் விளைந்த நாட்டின் கதையை நாம் கருங்கல்லில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு எழுத்துக்குப் பகை இரண்டு. ஒன்று இயற்கை: ஈரம், வெயில், பூச்சி, பூஞ்சை, துரு. இன்னொன்று மனிதக் கை. முதல் பகையை ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்பதை வேதியியல் சொல்லும். இரண்டாவதை அதன் விலைதான் சொல்லும். தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். கேட்க அது பெரிய சூடாகத் தெரியலாம். ஒரு மூசை, கொஞ்சம் கரி, ஒரு துருத்தி, அரை மணி நேரம் இருந்தால் பழங்காலத் தட்டார் அதை எட்டிவிடுவார். எழுத்துள்ள தங்கத்துக்கும் எழுத்தில்லாத தங்கத்துக்கும் அவர் ஒரே விலைதான் போடுவார். பஞ்சம், படையெடுப்பு, பங்காளிச் சண்டை, கல்யாணம் என்று ஆயிரம் ஆண்டில் எத்தனை நெருக்கடி வரும்? ஒவ்வொன்றிலும் வீட்டிலோ கோயிலிலோ இருக்கிற பொன் தகட்டைப் பார்த்து யாரோ ஒருவர் மனசு சபலப்பட்டே தீரும். ஒரு முறை விழுந்தால் போதும், எழுத்து போய்விடும். கருங்கல்லை உருக்கினால் ஒன்றும் கிடைக்காது. அதை யாரும் உருக்குவதில்லை. கெட்டிப் பொருளால் மட்டும் எழுத்து நீடிப்பதில்லை. அந்தப் பொருளால் வேறு பயன் இல்லாமலும் இருக்க வேண்டும்.

இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலை விடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1010-ல் ராஜராஜன் அந்தக் கோயிலை முடித்த கையோடு, தாம் கொடுத்ததையும் தமக்கை குந்தவை கொடுத்ததையும் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்ததையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னார். இ. ஹூல்ஷ் படித்துப் பதிப்பித்த அந்தக் கல்வெட்டுகளை எடுத்துப் பார்த்தால், முன்னால் உட்கார்ந்து யாரோ தராசு பிடிப்பது போலிருக்கும். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறொரு கல். பொன் தட்டு, பொன் குடம், மாலை, முடி, திருமேனி என்று ஒவ்வொன்றாகப் பெயர் வரும், பிறகு எடை வரும்: இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, அதற்கும் கீழே குன்றி வரை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. முத்துகளை உருவம் பார்த்து வகை பிரித்து எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்கள். இன்று அந்தப் பொன்னும் இல்லை, முத்தும் இல்லை. எப்போது, யாரால் போயிற்று என்று விசாரிக்கப் புகுந்தால் அது வேறு கதை. அந்த எடைக் கணக்கு மட்டும், அதிலும் குன்றி சுத்தமாக, ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. துருப்பிடிக்காத பொருளைப் பற்றிய தகவலை, பொருக்கு விடும் பொருள் காப்பாற்றியிருக்கிறது.

கல்லுக்கு விலை இல்லை, ஆனால் அதில் எழுத விலை உண்டு. கோலார்ப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் கருங்கல் வகையைச் சேர்ந்த நைஸ். தங்கவயல் பட்டையில் மட்டும் கருத்த ஹார்ன்பிளெண்டுப் பாறை, அதற்குள் வெள்ளைக்கல் நரம்பு, அந்த நரம்புக்குள் தங்கம். நைஸில் இருக்கும் குவார்ட்ஸ் உளியை மழுக்கும்; ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனையோ அடி. உளியை அடிக்கடி உலையில் காய்ச்சித் தோய்க்க வேண்டும். அதனால் கல்லில் எழுதியவர்கள் அளந்துதான் எழுதினார்கள்: தானம், வரி நீக்கம், ஏரிக்கு விட்ட நிலம், மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் பெயர். கோலார் மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நிற்கும் நடுகற்களில் கங்கர், நொளம்பர் காலத்துச் சண்டைகளை அப்படித்தான் படிக்கிறோம். காதல், கடன், கணக்கு, வம்பு, வைத்தியம் எதுவும் கல்லில் வராது. கல்வெட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கால மனிதரைப் பார்த்தால், அவர் காலையில் எழுந்து தானம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் சண்டையில் செத்துப்போவார் போலத் தோன்றும்.

கல்லைவிடவும் மலிவான இன்னொரு பொருள் இருக்கிறது: பானை ஓடு. களிமண்ணைச் சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுட்டால் அதன் படிக அமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். அப்புறம் எவ்வளவு ஊற வைத்தாலும் அது மறுபடி களிமண் ஆகாது. உடைந்த பானையை ஒட்டவும் முடியாது, கரைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. குப்பையில் போடத்தான் முடியும். அதனால்தான் கீழடி அறிக்கையில் 56 ஓடுகள் தமிழ்ப் பிராமி எழுத்தோடு வர முடிந்தது. செங்கடல் கரையில் குசெய்ர் அல் கதீமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களோடும், ஓமானின் கோர் ரோரியில் நந்தை கீரன் என்ற பெயரோடும் ஓடுகள் கிடைத்தன. சங்க காலத்து வணிகர் எவ்வளவு பொன்னைக் கப்பலில் ஏற்றி இறக்கினாரோ தெரியாது. அவர் பெயர் எழுதி உடைந்துபோன சட்டி மட்டும் அங்கே தங்கியது. மெசொப்பொத்தாமியாவில் களிமண் பலகைகளைப் பெரும்பாலும் சுடாமல் வெயிலில் காயவைத்தார்கள். காய்ந்த பலகையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் அடுத்த பாடத்துக்குப் புதுப் பலகை கிடைத்துவிடும். நிப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே தொட்டி வைத்திருந்தார்கள். பலகை மறுபடி பயன்படும் பொருளாக இருந்தவரை எழுத்து அழிந்துகொண்டே இருந்தது. கி.மு. 612-ல் நினிவே நகரம் எரிந்தபோது அசுர்பானிபாலின் நூலகத்துப் பலகைகள் பலவும் தீயில் வெந்து ஓடாயின. நகரத்தை அழித்த தீ நூலகத்துக்குச் சூளையாயிற்று.

இங்கே ஒருவர் கை தூக்குவார்: பொன்னில் எழுதியவை கிடைத்திருக்கின்றனவே? கிடைத்திருக்கின்றன. பாரசீக மன்னன் டேரியஸின் பொன், வெள்ளித் தகடுகள் 1933-ல் பெர்சிபோலிஸில் கிடைத்தன. யாழ்ப்பாணம் வல்லிபுரத்தில் 1936-ல் ஒரு பொன் ஏடு கிடைத்தது. வசபன் என்ற அரசன் காலத்து நான்கு வரிகள் அதில் இருந்தன. மதுரைக்குப் பக்கத்தில் தேனூரில் 2009-ல் தமிழ்ப் பிராமியில் ஆள் பெயர் பொறித்த தங்கக் கட்டிகள் கிடைத்தன. ஆனால் இவை எங்கே கிடைத்தன என்று பாருங்கள். டேரியஸின் தகடுகள் அரண்மனை அஸ்திவாரத்துக்குள் கற்பெட்டியில் அடைபட்டிருந்தன. வல்லிபுரத்து ஏடு பழைய கட்டடம் ஒன்றின் அடியில் இருந்தது. தேனூர்க் கட்டிகள் நிலத்தடியில் இருந்தன. யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போன பொன்தான் தப்பியது. படிக்கும்படி வெளியே வைத்த பொன் எழுத்து தப்பவில்லை. இது என் வாதத்துக்கு எதிரான சாட்சி போல வந்து, கடைசியில் எனக்காகவே பேசிவிட்டுப் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு பொருளை ஒரு பொற்கொல்லர் விட்டுப்போயிருக்கிறார். தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட் என்ற பழைய துறையில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருங்கல் கிடைத்தது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமியில் அதில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. பெரும்பத்தனுடைய கல் என்று பொருள். பத்தர் என்றால் பொற்கொல்லர். கல், உரைகல். உரைகல் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கல் நல்ல கறுப்பாக, நெருக்கமான பொடிமணியோடு, தங்கத்தைவிடக் கடினமாக இருக்க வேண்டும். நகையை அதில் ஒரு இழுப்பு இழுத்தால் மயிரிழை மாதிரி மஞ்சள் கோடு விழும். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு செம்பு, எவ்வளவு வெள்ளி கலந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அங்கே தங்கமே எழுதுகோல், கல்லே ஏடு, படிக்கிறவர் பத்தர். அந்தக் கல்லில் தங்கம் எழுதிய கோடுகள் எத்தனையோ ஆயிரம் அழிந்திருக்கும். அந்தத் தங்கமும் உருகி உருகி எங்கெங்கோ போயிருக்கும். கடல் கடந்து போன ஒரு தமிழ்த் தொழிலாளியின் பெயரைக் கல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

செப்பேடு விஷயத்தில் ஆட்சேபம் இன்னும் வலுவானது. செம்பு விலையுள்ள உலோகம். உருக்கினால் அண்டாவும் குடமும் ஆகும். கரந்தைச் செப்பேடுகள் ஐம்பதுக்கு மேற்பட்ட ஏடுகள், எடை நூறு கிலோவைத் தாண்டும். எத்தனை கல்யாணத்துக்குச் சமைக்கலாம்! அது எப்படித் தப்பியது? செப்பேடு என்பது பட்டா. ஒரு ஊரின் வரி வருமானம் யாருக்கு என்று அது சொல்கிறது. அந்த உரிமை செல்லுபடியாகும் வரை, செம்பின் விலையைப் போல் ஆயிரம் மடங்கு அதன் எழுத்துக்கு இருந்தது. உருக்குகிறவன் தன் நிலத்தையே உருக்கிக்கொள்கிறான். உரிமை காலாவதியாகும்போது ஏடு மறுபடி வெறும் செம்பாகிறது; ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகிறது. நமக்குக் கிடைத்தவற்றில் கணிசமானவை அந்த ஆபத்துக் காலத்தை மண்ணுக்கடியில் கழித்தவை. விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987-ல் செப்புத் திருமேனிகளோடு ராஜேந்திரன் காலத்து ஏடுகள் வெளிவந்தது அப்படித்தான். ரோமில் சட்டங்களை வெண்கலத்தில் எழுதி வெளியே மாட்டினார்கள். கி.பி. 69-ல் கேப்பிட்டல் குன்று எரிந்தபோது போன மூவாயிரம் வெண்கலப் பலகைகளுக்கு வெஸ்பாசியன் பிரதி தேடினார் என்று சூடோனியஸ் எழுதுகிறார். அந்தப் பிரதிகளும் இன்று இல்லை. ஐரோப்பியரின் தோல் ஏடும் விலையால் கெட்டது. ஆட்டுத்தோல் அருமை என்பதால், ஆர்க்கிமிடீஸின் கணக்குகள் இருந்த ஒரு சுவடியைச் சுரண்டித் துடைத்து 1229-ல் ஒருவர் பிரார்த்தனைப் புத்தகம் எழுதிக்கொண்டார்.

உண்மையில் என் வாதத்துக்குச் சிக்கல் ஓலையில்தான். பனையோலையைவிட மலிவு எது? உருக்க முடியாது, விற்க முடியாது. என் விதிப்படி அது தப்பியிருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பனையோலை ஏடு ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே முதல் பகை, இயற்கை, ஜெயித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மலிவாக இருந்தால் மட்டும் போதாது. நம் ஈரத்தையும் கரையானையும் தாங்கவும் வேண்டும். எகிப்தில் அந்த இரண்டும் குறைவு. அதனால் ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டில் எறிந்த பப்பைரஸ் துண்டுகள்கூட 1896-லிருந்து மூட்டை மூட்டையாக வெளிவந்தன. நம் முசிறித் துறையிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிப்போன சரக்கின் கணக்கு இரண்டாம் நூற்றாண்டுப் பப்பைரஸில் இருக்கிறது, இப்போது வியன்னாவில். முசிறியிலேயே அந்தக் கணக்குக்கு ஓலையில் ஒரு நகல் இருந்திருந்தால் சில மழைக்காலங்களில் அது முடிந்திருக்கும்.

ஓலை தயாரிப்பில் எத்தனை பக்குவம் பார்த்தும் இந்தக் கதிதான். முற்றாத ஓலையை நரம்பு நீக்கி, அளவாக நறுக்கி, வேகவைத்து அல்லது சேற்றில் புதைத்து, நிழலில் காயவைத்து, சங்கால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஏட்டை இடது கையில் பிடித்து, அந்தக் கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்கி, ஆணியை நகர்த்துவதோடு ஏட்டையும் நகர்த்தி எழுதுவது வழக்கம். கீறல் மட்டும் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தால்தான் எழுத்து மேலே வரும். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால் அதே திசையில் அழுத்தி இழுத்த கோடு ஓலையைப் பிளந்துவிடும். தென்னாட்டு எழுத்துகள் வளைந்ததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். வளைவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், புள்ளி விஷயத்தில் ஐயமே இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று இலக்கணம் சொல்லியும், ஏட்டில் ஓட்டை விழுமென்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எ எது, ஏ எது என்று படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து அதற்கு வேறு வழி செய்யும் வரை அந்தத் தொல்லை நீடித்தது. ஓலையே அழிந்துபோனாலும் அதன் நாரின் கீறல் நம் எழுத்தின் உடம்பில் இருக்கிறது.

அழிந்துபோன பொருளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசலாமா என்று கேட்பவர் உண்டு. சிந்துவெளிக்காரர்கள் நீளமான நூல்களைத் துணியிலோ ஓலையிலோ எழுதினார்கள், எல்லாம் மக்கிவிட்டன என்று ஒரு சாரார் சொல்ல, ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்ஸல் மூவரும் 2004-ல் அதைக் கடுமையாக மறுத்தார்கள்: இல்லாத நூலைச் சாட்சிக்கு அழைக்காதே, ஒரே பக்கத்தில் பதினேழு குறிக்கு மேல் போகாத முத்திரைகளை எழுத்தென்றே சொல்லாதே என்றார்கள். எழுத்தே இல்லை என்ற அவர்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் மக்கிப்போனதன் பெயரால் எதையும் சொல்லிவிடலாம் என்பதற்கு அவர்கள் போட்ட தடை நியாயமானது. தடயம் காட்ட வேண்டும். தமிழ் ஓலைக்குத் தடயம் கல்லிலேயே இருக்கிறது. சோழர் அரசாணை முதலில் ஓலையில்தான் பிறந்தது. அரசன் வாய்மொழியை எழுதுகிற அதிகாரிக்கே திருமந்திர ஓலை என்று பெயர். கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க என்ற கட்டளையோடு ஊருக்கு வந்தது ஓலை. கல்வெட்டு அதன் நகல். உத்தரமேரூரில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் முப்பது குடும்புகளிலும் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கின்றன. தேர்தல் விதி கல்லில் நிற்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெயர் எழுதிய ஓலை அடுத்த ஆண்டே அடுப்புக்குப் போயிருக்கும்.

திருமழபாடியில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த சாட்சி. அங்கே பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தம் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தக் காலத்துப் புத்தகம் என்றால் ஓலைக்கட்டு. ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடி புதுச் சுவரில் வெட்டப்பட்டன. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கல்லின் எழுத்தை ஓலை சுமந்தது. கல்லுக்கும் விலை வந்துவிடுகிற தருணம் உண்டு என்பதை அந்த அரசர்கள் அறிந்திருந்தார்கள்: கட்டடத்தைப் பிரிக்கிற தருணம். அப்போது கல்வெட்டு ஒரு நல்ல சதுரக் கல் ஆகிவிடும். படிக்கட்டுக்கு ஆகும், மதகுக்கு ஆகும், துணி துவைக்க ஆகும். நடுகற்கள் வீட்டுப் படிகளானதும், சமணப் படுக்கைகள் இருந்த பாறைகளை வெடி வைத்து ஜல்லியாக்கியதும் கல்லின் பலவீனத்தால் நடந்தவை இல்லை; கருங்கல்லுக்கு விலை கிடைத்ததால் நடந்தவை. சயனைடு மேட்டு மண்ணில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தங்கத்தையும் எடுக்கும் திட்டம் பேசப்படுவதைப் பார்க்கும்போது, அந்த மேடும் இனி எத்தனை நாள் மேடாக இருக்குமோ என்றுதான் தோன்றுகிறது.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் எல்லாப் பொருளும் வந்து போனதைப் பார்க்க, பழங்காலத்தை விட்டுச் சற்று இப்பால் வரலாம். சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸிடம் தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள், நாலடி ஓலைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார்; கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்தவர். எல்லிஸ் குறளில் ஆழ்ந்தார். வள்ளுவர் உருவம் பொறித்துத் தங்கக் காசு அடித்தார். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டி, இராயப்பேட்டைக் கிணற்றில் குறளை மேற்கோள் காட்டிக் கல்வெட்டு வைத்தார். குறளுக்கு உரையும் மொழிபெயர்ப்பும் இன்னும் என்னென்னவோ காகிதத்தில் எழுதிக் குவித்தார். 1819-ல் திடீரென்று இறந்துபோனார். அந்தக் காகிதங்கள் மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் மாதக்கணக்கில் பயன்பட்டன என்று வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். தங்கக் காசில் ஒரு சிலவே மிஞ்சின. அது வள்ளுவர்தான் என்று ஐராவதம் மகாதேவன் 1990-களில் கல்கத்தா அருங்காட்சியகக் காசுகளைப் பார்த்து அடையாளம் காட்டும் வரை யாருக்கும் தெரியவில்லை. மற்றவை மூசைக்குப் போயிருக்க வேண்டும். கிணற்றுக் கல்லை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அது இருக்கிறது.

கந்தப்பனைப் பற்றி அந்தப் பேரன் எழுதியது 'தமிழன்' வார இதழில். 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து காலணாவுக்கு, அதாவது ஒரு பைசாவுக்கு வந்த பத்திரிகை அது. அதற்கு வாசகர்கள் தங்கவயலில் நிறைய இருந்தார்கள்; இங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதர் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டது, பின்னாளில் சாம்பியன் ரீஃபின் ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். அந்தக் காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழில் செய்தது. கூழிலிருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும்; மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரம் மெல்ல அமிலமாகி செல்லுலோஸ் இழையை அறுக்கும்; ஐம்பது அறுபது ஆண்டில் மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒடியும். போதாததற்குப் பழைய காகிதத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு: பொட்டலம் மடிக்க, எடைக்குப் போட. இரண்டு பகையும் சேர்ந்து வந்த பொருள் அது. தங்கமெல்லாம் கப்பலேறிய ஊர்களிலும் அவற்றுக்கு அக்கம்பக்கத்திலும், எடைக்குப் போடாமல் சில வீடுகளில் அந்த இதழ்களைக் கட்டி வைத்திருந்தார்கள். அப்படி மிஞ்சியவற்றிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை அச்சுக்குக் கொண்டுவர முடிந்தது. அச்சேறும்போது அந்தப் பழைய தாள்களை விரல் படாமல் புரட்ட வேண்டியிருந்திருக்கும்.